பாட்டும் இலத்தீனும் ஒரே கூரையின் கீழ்: லைப்சிக் புனித தோமா பள்ளியின் கதை

1730ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், ஜெர்மனியின் லைப்சிக் நகர மன்றத்துக்கு இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக் நீண்டதொரு விண்ணப்பம் எழுதினார். அந்நகரின் புனித தோமா பள்ளியில் அவர் காண்டர், அதாவது ஆலய இசைக்குப் பொறுப்பான ஆசிரியர். ஆலய இசை ஒழுங்காக நடக்க வேண்டுமானால் எத்தனை பாடகர்கள் வேண்டும், எத்தனை கருவியிசைஞர்கள் வேண்டும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போகும் அந்த ஆவணத்தின் கடைசியில், புனித தோமா பள்ளியின் விடுதி மாணவர்களைப் பெயர் பெயராகக் குறிப்பிட்டு மூன்று வகையாகப் பிரித்திருந்தார். பயன்படக்கூடியவர்கள் 17 பேர். இன்னும் பயன்படும் நிலைக்கு வராதவர்கள் 20 பேர். எதற்கும் உதவாதவர்கள் 17 பேர். இசை வரலாற்றாசிரியர்கள் இந்தப் பட்டியலை ஒரு மேதையின் மனக்குறையாகவே பெரும்பாலும் வாசித்து வந்திருக்கிறார்கள். பள்ளியின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று புலப்படும். அந்த 54 பிள்ளைகளும் பாடுவதற்காக மட்டும் அங்கே சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். இலத்தீனும் கிரேக்கமும் கற்றுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குரல்தான் சொத்து. பாடினால்தான் சோறும் படுக்கையும் பாடமும் கிடைக்கும். எதற்கும் உதவாதவன் என்று காண்டர் எழுதிய பையன், தலைமையாசிரியரின் ஏட்டில் நல்ல இலத்தீன் மாணவனாக இருந்திருக்கவும் கூடும்.

இந்தப் பள்ளியில் பின்னாளில் பாக்குக்கும் ரெக்டர், அதாவது தலைமையாசிரியர், எர்னெஸ்டிக்கும் இடையே மூண்ட சண்டை பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. பிடிவாதக்கார இசைஞர் ஒருவர், கர்வம் பிடித்த இளம் அறிஞர் ஒருவர் என்று அதைக் குணச்சித்திரமாக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சண்டைக்கான காரணம் இருவரும் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, லுத்தரன் பள்ளி என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் என் கருத்து. ஒரே மாணவனின் ஒரே நாளை, செவ்வியல் கல்வியும் ஆலய இசையும் கூட்டு வாழ்க்கையும் பங்கு போட்டுக்கொண்டன. பங்கு சரியாக இருந்தவரை பள்ளி செழித்தது.

அந்த ஏற்பாடு தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டும். 1524இல், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் ஜெர்மானிய நகரங்களின் மன்ற உறுப்பினர்களுக்கு, கிறிஸ்தவப் பள்ளிகளை நிறுவிப் பராமரிக்கும்படி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மடங்கள் மூடப்பட்டுவிட்டதால் அவற்றை ஒட்டி நடந்த பள்ளிகளும் சரிந்துகொண்டிருந்த காலம் அது. துப்பாக்கிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் அணைக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு செலவழிக்கிற நகரம், ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு ஆசிரியர்களை வைக்க ஏன் செலவழிக்கக் கூடாது என்று அதில் கேட்டார். மொழிகள்தாம் வேதவசனம் என்ற ஆவியின் வாளை வைத்திருக்கும் உறை என்றார். வேதாகமத்தை மூலத்தில் படிக்கத் தெரியாத போதகர் பிறர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்ல முடியும் என்பது அவருடைய அச்சம். எனவே கிரேக்க, ரோமப் புறச்சமய எழுத்தாளர்களைப் படிப்பது லுத்தரன் பள்ளிக்கு ஓர் அலங்காரமாக இருக்கவில்லை. வேதத்தைச் சரியாக வாசிப்பதற்கான பயிற்சிக்களம் அது. சிசரோவின் வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காணத் தெரிந்தவனுக்கே பவுலின் நிருபத்தைப் பிரித்துப் பொருள் காணத் தெரியும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது.

கூட்டு வாழ்க்கையும் பாட்டும் எப்படி இதில் சேர்ந்தன என்பதற்கும் லுத்தரே சாட்சி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதைப் பற்றி 1530இல் அவர் எழுதிய பிரசங்கத்தில், வீட்டு வாசலில் நின்று கடவுளின் பெயரால் அப்பம் கேட்டுப் பாடும் பையன்களை இகழாதீர்கள், நானும் அப்படித் துண்டு அப்பம் பொறுக்கியவன்தான் என்கிறார். ஐசனாக் நகரத்து இலத்தீன் பள்ளியில் படித்த நாள்களை அவர் நினைத்துச் சொன்னது அது. அதே ஐசனாக்கில் 1685இல் பிறந்து, அதே பள்ளியில் படிக்கத் தொடங்கிய பாக், பெற்றோரை இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்து, 15 வயதில் லூனபுர்க் நகரத்துப் புனித மிக்கேல் பள்ளிக்குப் போனதும் குரலை நம்பித்தான். அங்கே அதிகாலை ஆராதனைப் பாடகர் குழுவில் சேர்ந்த ஏழை மாணவர்களுக்கு இலவச உணவும் இருப்பிடமும் உண்டு. பாடிப் படிப்பது என்பது அவருக்குத் தெரியாத வாழ்க்கை அல்ல.

இந்த நடைமுறையைப் பாடத்திட்டமாக வகுத்தவர் லுத்தரின் உடனுழைப்பாளர் பிலிப் மெலாங்தன். 1528இல் சாக்சனியின் திருச்சபைகளைப் பார்வையிடுவோருக்காக அவர் எழுதிய வழிகாட்டியில் பள்ளிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும். முதல் குழு எழுத்துக்கூட்டிப் படித்து, தொனாத்துஸின் இலக்கணத்தையும் காத்தோவின் பெயரால் வழங்கிய நீதி வாக்கியங்களையும் பாடம் செய்யும். இரண்டாம் குழு இலக்கணத்தை முறையாகக் கற்று ஈசாப் கதைகளையும் தெரன்சியுஸின் நாடகங்களையும் படிக்கும். மூன்றாம் குழு வெர்கிலியுஸ், ஒவித், சிசரோ என்று ஏறும். பிள்ளைகளின் தலையில் பல மொழிகளைச் சுமத்தக் கூடாது, இலத்தீன் ஒன்றே போதும் என்றும் அந்த வழிகாட்டி எச்சரிக்கிறது. நண்பகலுக்குப் பின் முதல் மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும், பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி, இசைப் பாடம். நாள்தோறும். இலக்கணத்துக்குக் கொடுத்த இடத்தை இசைக்கும் கொடுத்த பாடத்திட்டம் அது.

புனித தோமா பள்ளி லுத்தரைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது. 1212இல் நிறுவப்பட்ட அகுஸ்தீன் சபை மடத்தோடு சேர்ந்து உருவான பள்ளி அது. 1539இல் லைப்சிக் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது; அந்த ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி லுத்தரே அந்நகரில் பிரசங்கித்தார். சில ஆண்டுகளில் மடம் கலைக்கப்பட்டு, பள்ளி நகர மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. 1553இல் புனித தோமா ஆலயத்தை ஒட்டியே பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. வகுப்பறைகள், விடுதி, உணவுக் கூடம், ரெக்டரின் குடும்பம், காண்டரின் குடும்பம் எல்லாம் அந்த ஒரே கட்டடத்துக்குள். பாக்கின் பிள்ளைகள் பலர் பிறந்ததும் சிலர் இறந்ததும் அந்த வீட்டில்தான். காண்டர் இசையமைக்கும் அறைக்கும் பையன்கள் கூச்சலிடும் இடத்துக்கும் இடையே அதிகத் தொலைவு கிடையாது.

விடுதி வாழ்க்கையை 1723ஆம் ஆண்டு வெளியான பள்ளி விதிமுறைகள் விவரமாக வரையறுத்தன. கோடையில் காலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 6 மணிக்கும் எழ வேண்டும். கூடிச் செபித்துவிட்டுத்தான் நாள் தொடங்கும். உணவு வேளையில் வேதாகமமோ வரலாற்று நூலோ உரக்க வாசிக்கப்படும், பேச்சு கூடாது. ரெக்டர், துணை ரெக்டர், காண்டர், அவருக்கு அடுத்த ஆசிரியர் ஆகிய நால்வரும் வாரம் ஒருவராக முறைவைத்துக் கண்காணிப்புப் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் எழுப்புவது, செபம் நடத்துவது, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது, விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. புனித மத்தேயுவின் படி எழுதப்பட்ட இயேசுவின் பாடுகளுக்கு இசையமைத்த மனிதர், நான்கு வாரத்துக்கு ஒரு முறை பையன்கள் தூங்கிவிட்டார்களா என்று எட்டிப் பார்க்கும் வார்டனாகவும் இருந்தார்.

பெரிய மாணவர்கள் சிறியவர்களை நடத்தும் முறையும் இந்தக் கூட்டு வாழ்க்கையின் உறுப்புதான். மூத்த மாணவர்களில் நால்வர் பாடகர் குழுக்களின் தலைவர்கள். லைப்சிக்கின் நான்கு ஆலயங்களிலும் ஞாயிறுதோறும் ஒரே வேளையில் பாட வேண்டியிருந்ததாலும் காண்டர் ஒருவரே இருந்ததாலும், இந்தத் தலைவர்கள் இல்லாமல் ஒரு ஞாயிறும் நகராது. முதல் குழு காண்டரின் நேரடிப் பொறுப்பில், புனித தோமா ஆலயத்திலும் புனித நிக்கோலா ஆலயத்திலும் மாறி மாறிப் பெரிய இசைப் படைப்புகளைப் பாடும். புனித பேதுரு ஆலயத்துக்கு யார் போவார்கள் என்பதை பாக் தம் விண்ணப்பத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்: மிஞ்சிய கழிவு அங்கே போகும், அதாவது இசையே தெரியாதவர்கள், ஒரு ஞானப்பாட்டைத் தட்டுத்தடுமாறிப் பாட மட்டும் தெரிந்தவர்கள். பேதுரு ஆலயத்துச் சபையார் இதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் பள்ளியின் உண்மையான இயக்கம் தெரியும். நகர மன்றமும் அறக்கொடைகளும் ஒரு பகுதியைத் தந்தன. மீதி, பாட்டால் வந்தது. புத்தாண்டுக் காலத்தில் குழு குழுவாக வீடு வீடாகச் சென்று பாடிக் காசு சேர்த்தார்கள். திருமணங்களில் பாடினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சவ ஊர்வலங்களில் பாடினார்கள். இறந்தவரின் குடும்பம் எவ்வளவு கொடுக்கிறதோ அதற்கேற்ப முழுப் பள்ளியும் போகும், அல்லது பாதிப் பள்ளி போகும். சேர்ந்த பணத்தில் ரெக்டருக்கு ஒரு பங்கு, காண்டருக்கு ஒரு பங்கு, மாணவர்களுக்கு ஒரு பங்கு என்று கணக்கு இருந்தது. 1730 அக்டோபரில் பழைய பள்ளித் தோழர் எர்ட்மனுக்கு எழுதிய கடிதத்தில், தமது வருமானம் சுமார் 700 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) என்றும், சாவுகள் கூடினால் வருமானமும் கூடும், நல்ல காற்று வீசினால் குறையும் என்றும் பாக் குறிப்பிடுகிறார். கடந்த ஆண்டு ஊரார் நலமாக இருந்ததால் தமக்கு 100 தாலருக்கு மேல் நட்டம் என்கிறார். இந்த வரியைக் கறுப்பு நகைச்சுவை என்று சொல்வார்கள். வீட்டுக் கணக்கைப் பார்த்துச் சொன்ன வெறும் உண்மையாகவே எனக்குப் படுகிறது. ஆசிரியரின் வீட்டு அடுப்பும் மாணவனின் புத்தகச் செலவும் ஒரே சவ ஊர்வலத்தை நம்பியிருந்தன.

ஆனால் ஊர்வலத்தில் கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் வகுப்பறையிலிருந்து எடுத்த மணி நேரம். குளிரில் தெருவில் நின்று பாடிய பிள்ளைக்குக் குரலும் கட்டும், மறுநாள் இலக்கணப் பாடமும் தவறும். இங்கேதான் ஒரே கூரையின் கீழ் இரண்டு நியாயங்கள் உருவாகின.

காண்டர் பதவியின் தன்மையே அந்த இரட்டை நிலைமையைக் காட்டுகிறது. ஆசிரியர்களின் வரிசையில் அவர் மூன்றாமவர். இசை ஆசிரியர் என்று தனியாக யாரும் நியமிக்கப்படவில்லை. இலத்தீனும் ஞானோபதேசமும் கற்பிக்கிற ஆசிரியர்களில் ஒருவர் இசைக்கும் பொறுப்பு என்பதே பழைய வழக்கம். பாக்குக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த யோகான் கூனாவ் சட்டம் பயின்றவர், பல மொழிகள் அறிந்தவர். பாக்கோ பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவர். 1723 மே மாதம் நியமனத்துக்கு முன், இறையியல் பேராசிரியர் ஒருவர் அவரைச் சோதித்துத் தேர்ச்சி என்று எழுதிக்கொடுத்த பிறகே, லுத்தரன் விசுவாச அறிக்கையின் மேல் அவர் உறுதிமொழி தர முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த பின், இலத்தீன் வகுப்புகளைத் தமக்குப் பதிலாக நடத்த உடன் ஆசிரியர் பெட்ஸோல்டுக்கு ஆண்டுக்கு 50 தாலர் தம் கையிலிருந்து கொடுத்தார். மன்றம் இதை அனுமதித்தது. அனுமதித்த அந்த நாளிலேயே பழைய ஏற்பாட்டில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். இலத்தீன் கற்பிக்காத காண்டர் இனி முழுநேர இசைஞர். இசையில் அக்கறையில்லாத ரெக்டர் ஒருவர் வந்தால் அவர் முழுநேர அறிஞர்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் ஊட்டப்பட்ட இலத்தீன் என்ன செய்ய வல்லது என்பதற்குத் தமிழர்களிடமே சான்று இருக்கிறது. சாக்சனியில் பிறந்து, கோர்லிட்ஸ் நகரின் இலத்தீன் பள்ளியில் பயின்று, ஹாலே நகர் வழியாக 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழுக்கு எழுதிய இலக்கணத்தை இலத்தீனில்தான் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சானது. தொனாத்துஸின் வேற்றுமைப் பட்டியலைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர், புதிய மொழி ஒன்றை எதிர்கொண்டபோது அதே சட்டகத்தைக் கொண்டு அதை அளந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே லைப்சிக்கில் இயங்கிய லுத்தரன் மிஷன் சங்கத்தின் இயக்குநர் கார்ல் கிரௌல் திருக்குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அது அவர் மறைந்த பின் 1865இல் லைப்சிக்கிலேயே வெளியாயிற்று. ஐரோப்பாவின் எந்த நாட்டு அறிஞனும் படிக்க வேண்டுமானால் இலத்தீனில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு காலம் நீடித்திருந்தது. பாட்டு வழியாக வந்த தாக்கமும் குறைவில்லை: இன்றும் தமிழ் லுத்தரன் ஆலயங்களில் பாடப்படும் ஞானப்பாட்டுகள் பலவற்றின் மெட்டு, தோமா பள்ளிப் பையன்கள் லைப்சிக் தெருக்களில் பாடிய மெட்டுதான்.

லைப்சிக்குக்குத் திரும்பினால், 1720களின் இறுதியில் பள்ளி சீரழிந்திருந்தது. முதிய ரெக்டர் யோகான் ஹைன்ரிக் எர்னெஸ்டியின் நீண்ட ஆட்சியில் கட்டடம் நெருக்கடியாகவும் சுகாதாரக் கேடாகவும் மாறியிருந்தது, ஒழுங்கு தளர்ந்திருந்தது. புதிய விடுதி மாணவர்களைத் தேர்வு செய்த 1729இல், பாக் ஒவ்வொரு சிறுவனின் குரலையும் சோதித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் இசைக்குத் தகுதியற்றவர் என்று எழுதிய சிலரையும் மன்றம் சேர்த்துக்கொண்டது. படிப்பில் கெட்டிக்காரன், தெரிந்தவரின் பிள்ளை, உண்மையாகவே ஏழை என்று மன்றத்துக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். தரும நிறுவனம் என்ற முறையில் அவை தவறான காரணங்களும் அல்ல. ஆனால் குழுவுக்குக் குரல் வகை ஒன்றுக்குக் குறைந்தது மூவராக 12 பேர் வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பாட்டு நிற்கக் கூடாது என்று கணக்குப் போடுகிற காண்டருக்கு அந்த ஒவ்வொரு படுக்கையும் இழந்துபோன ஒரு குரல். முதலில் சொன்ன 17, 20, 17 என்ற பட்டியல் இந்தப் பின்னணியில் எழுந்தது.

அந்த 1730இலேயே யோகான் மத்தியாஸ் கெஸ்னர் புதிய ரெக்டராக வந்தார். பள்ளியின் வரலாற்றில் மிக ஒளிமிக்க நான்கு ஆண்டுகள் அவை. கெஸ்னர் அக்காலத்தின் தலைசிறந்த செவ்வியல் அறிஞர்களில் ஒருவர். பத்து வரியை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் இலக்கணம் பிரித்துக்கொண்டிருக்கும் பழைய முறையை அவர் வெறுத்தார். நூல் முழுவதையும் ஓட்டமாக வாசித்து, ஆசிரியன் என்ன சொல்ல வந்தான் என்பதை மாணவன் உணர வேண்டும் என்றார். இலக்கணத்துக்காக இலக்கியமா, இலக்கியத்துக்காக இலக்கணமா என்ற கேள்விக்கு அவர் விடை தெளிவானது. அவருடைய காலத்தில்தான் மன்றம் பள்ளியின் மேல் இரண்டு தளங்கள் எழுப்பிப் புதுப்பித்தது. 1732 ஜூன் 5ஆம் நாள் திறப்பு விழாவுக்கு பாக்கே இசையமைத்தார். புதிய விதிமுறைகள் 1733இல் வந்தன.

கெஸ்னர் பாக்கை எப்படிப் பார்த்தார் என்பதற்கு ஓர் அடிக்குறிப்பு சாட்சி. 1734இல் அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1738இல் அங்கிருந்து பழைய ரோமானிய ஆசிரியர் குயின்டிலியனின் சொல்வன்மைக் கலை நூலைப் பதிப்பித்து வெளியிட்டார். ஒரே நேரத்தில் மனிதனால் பல காரியங்களைச் செய்ய முடியும் என்பதற்கு, யாழிசைப்பவன் நினைவாலும் குரலாலும் கையாலும் காலாலும் ஒருங்கே இயங்குவதைக் குயின்டிலியன் எடுத்துக்காட்டாகச் சொல்லும் இடம் ஒன்று அதில் வருகிறது. அந்த இடத்தில் கெஸ்னர் நூலாசிரியரையே விளித்து எழுதுகிறார்: நீர் மட்டும் பாதாளத்திலிருந்து எழுந்து வந்து, புனித தோமா பள்ளியில் என் உடன் ஊழியராக இருந்த பாக்கைப் பார்த்தால் இதையெல்லாம் அற்பமென்று எண்ணுவீர். ஆர்கனை இரு கைகளாலும் பாய்ந்தோடும் கால்களாலும் இயக்கிக்கொண்டே, முப்பது நாற்பது இசைஞர்களில் ஒருவனைத் தலையசைப்பாலும் மற்றவனைக் காலால் தட்டியும் இன்னொருவனை விரலால் எச்சரித்தும் தாளத்துக்குள் நிறுத்தி, எங்கே பிசகினாலும் உடனே கண்டுபிடித்துத் திருத்தும் அந்த மனிதரைப் பாரும். பழமையைப் போற்றுவதில் நான் யாருக்கும் குறைந்தவன் அல்லன். ஆனாலும் பழங்கிரேக்கக் கதைகளின் பாடகர்களான ஓர்ஃபியஸ் பலரும் அரியோன் இருபது பேரும் இந்த ஒரு பாக்கில் அடங்கியிருக்கிறார்கள் என்பேன்.

பாக்கைப் பற்றி அவர் வாழ்நாளில் எழுதப்பட்டவற்றில் இவ்வளவு நெருக்கமான சித்திரம் அரிது. ரோமானிய நூலொன்றின் அடிக்குறிப்பில், இலத்தீன் உரைநடையில் அது கிடைக்கிறது. ஒரு செவ்வியல் அறிஞர் தம் அறிவின் உச்சியில் நின்று, தம் பள்ளிக் காண்டரை அந்த அறிவுக்குள்ளேயே உட்கார வைக்கிறார். மெலாங்தன் கண்ட பள்ளி, இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு முறை இயங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கெஸ்னருக்குப் பின், 1734 இறுதியில், யோகான் அவுகுஸ்ட் எர்னெஸ்டி ரெக்டரானார். வயது 27, பாக்குக்கு 49. பழைய ரெக்டரின் பெயரைத் தாங்கிய இவரை அவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிசரோவின் படைப்புகளை முழுமையாகப் பதிப்பித்தவர். பின்னாளில் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, புதிய ஏற்பாட்டையும் மற்ற பழைய நூல்களைப் போலவே இலக்கண, வரலாற்று முறையில் விளக்க வேண்டும் என்று நூல் எழுதியவர். மொழிகள் உறை என்ற லுத்தரின் எண்ணத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் இவர். அவரை வெறும் இசைப் பகைவராகச் சித்திரிப்பது அநியாயம். தொடக்கத்தில் இரு குடும்பங்களுக்கும் நல்லுறவு இருந்தது; 1735இல் பிறந்த பாக்கின் கடைசி மகன் யோகான் கிறிஸ்தியானுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர்களில் எர்னெஸ்டியும் ஒருவர்.

1736 கோடையில் எல்லாம் மாறியது. முதல் மாணவத் தலைவன் கோட்ஃப்ரீட் தியோடோர் கிரௌஸ, அடங்காத சிறுவர்களை அளவுக்கு மீறி அடித்துவிட்டான் என்று ரெக்டருக்குப் புகார் போயிற்று. பள்ளி முழுவதன் முன்னும் அவனைப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்று எர்னெஸ்டி தீர்ப்பளித்தார். ஒழுங்கு காக்கத் தாமே அதிகாரம் கொடுத்ததாகச் சொல்லி பாக் பரிந்து பேசியும் ரெக்டர் இறங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்த அந்த இளைஞன் அவமானத்துக்கு அஞ்சி ஓடிவிட்டான். அவன் இடத்துக்கு அடுத்த தலைவனான யோகான் கோட்லோப் கிரௌஸவை எர்னெஸ்டி உயர்த்தினார். குடும்பப் பெயர் ஒன்றேயானாலும் ஆள் வேறு. எர்னெஸ்டி சொல்கிறபடி, முந்திய ஆண்டு உடன் ஆசிரியர் ஒருவரின் திருமண விருந்து முடிந்து இருவரும் வீடு திரும்பும்போதே இந்த இரண்டாம் கிரௌஸவைப் பற்றிப் பேச்சு வந்திருந்தது. அவன் ஒழுக்கமற்ற நாய் என்று பாக் அப்போது சொன்னாராம். இருந்தும் வரிசையின்படி விட்டுக்கொடுத்திருந்தார். இப்போது முதல் குழுவையே நடத்த அவனுக்குத் திறமை இல்லை என்று கீழே இறக்கினார்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆராதனை நடந்துகொண்டிருக்கையிலேயே பாக் பாடகர் மாடத்திலிருந்து கிரௌஸவைச் சத்தமிட்டு விரட்டினார். மாலை ஆராதனைக்கு முன் எர்னெஸ்டி மாடத்துக்கு ஏறி, காண்டர் அமர்த்தும் தலைவனின் கீழ் எவனாவது பாடினால் தண்டனை என்று பையன்களை மிரட்டினார். பாக் மறுபடியும் வந்தார். பாட்டைத் தொடங்க ஆளில்லாமல், பள்ளியை விட்டுப் பல்கலைக்கழகம் போயிருந்த தம் பழைய மாணவர் ஒருவரைக் கொண்டு நடத்தினார். அடுத்த ஞாயிறும் இதே அமளி. ஒரு வாரத்துக்குள் நகர மன்றத்துக்கு பாக் நான்கு மனுக்கள் எழுதினார். எர்னெஸ்டி நீண்ட பதில்கள் எழுதினார்; அவற்றில் ஒன்றில், பழைய வெள்ளித் தாலர் ஒன்று கைமாறினால் உச்சக்குரலே இல்லாதவனும் உச்சக்குரல் பாடகனாகிவிடுகிறான் என்று காண்டரின் மேல் இலஞ்சக் குற்றச்சாட்டும் வைத்தார்.

சட்டப்படி யார் சரி என்பது இலேசான கேள்வி அல்ல. தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது காண்டரின் பழைய உரிமை என்றார் பாக். ரெக்டரின் இசைவோடுதான் என்று விதிமுறை சொல்கிறது என்றார் எர்னெஸ்டி. விதியை வாசித்தால் எர்னெஸ்டியின் பக்கம் வலு இருக்கிறது; ஞாயிறு காலையில் மாடத்தில் நின்று பார்த்தால் பாக்கின் பக்கமே நியாயம். மாணவத் தலைவன் என்பவன் ரெக்டருக்கு ஒழுங்கு வரிசையில் மேலேறி வந்த ஒரு மாணவன். அவனுடைய முறையைப் பறிப்பது மாணவனுக்குச் செய்யும் அநீதி. காண்டருக்கு அவன் தம் கைக்குப் பதிலான இன்னொரு கை. தாளம் தெரியாவிட்டால் ஆலயமே கேட்கும். மன்றம் இழுத்தடித்து 1737இல் ரெக்டருக்குச் சார்பாக முடிவை அறிவித்தபோது கிரௌஸ பள்ளியை விட்டுப் போகும் காலமே வந்துவிட்டது. இடையில் அரசவை இசையமைப்பாளர் என்ற பட்டத்தைப் பெற்றுவிட்ட பாக், வழக்கை மன்னர்வரை கொண்டுபோனார். அதன் பிறகு ஆவணங்கள் மௌனமாகிவிடுகின்றன.

வழக்கைவிட அதன் தழும்புதான் நீண்ட நாள் இருந்தது. லைப்சிக் பள்ளிகளின் வரலாற்றை 1776இல் எழுதிய கோலர் என்பவர், அதற்குப் பிறகு பாக் செவ்வியல் படிப்பில் மூழ்கி இசையை இரண்டாம்பட்சமாகக் கருதிய மாணவர்களை வெறுக்கத் தொடங்கினார் என்றும், எர்னெஸ்டியோ இசைக்கே பகைவரானார் என்றும் பதிவு செய்கிறார். யாராவது மாணவன் கருவியில் பயிற்சி செய்வதைக் கண்டால், நீயும் சாராயக் கடைப் பிடில்காரன் ஆகப் போகிறாயா என்று கேட்பாராம். பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட இந்த வாசகத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் வாழ்ந்த ஐம்பத்துச் சொச்சம் பையன்கள் காலையில் ஒருவர் முகத்தையும் மாலையில் மற்றவர் முகத்தையும் பார்த்து எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. வேறு வீடு கிடையாது அவர்களுக்கு.

பெரியவர்களின் தவறு என்று இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மெலாங்தனின் காலத்தில் ஒரு மணி நேர இசைப் பாடம் என்பது ஞானப்பாட்டையும் எளிய பல்குரல் பாட்டையும் கற்கப் போதுமானதாக இருந்தது. செவ்வியல் கல்வி என்பது நல்ல இலத்தீனில் பேசவும் எழுதவும் பழகுவதாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டும் வளர்ந்து தனித் தொழில்களாகிவிட்டன. பாக்கின் இசை பள்ளிப் பையன்களிடம் தொழில்முறைப் பாடகனின் திறமையைக் கேட்டது. எர்னெஸ்டியின் மொழியியல் அதே பையன்களிடம் இளம் ஆய்வாளனின் உழைப்பைக் கேட்டது. கொடுக்க அவர்களிடம் இருந்தது அதே பழைய நாள். அதிலும் சவ ஊர்வலத்துக்கும் புத்தாண்டு வசூலுக்கும் போக மிஞ்சிய நாள். கெஸ்னர் போன்ற ஒருவர் இருந்தபோது அந்தப் பற்றாக்குறை வெளியே தெரியாமல் இருந்தது.

1750 ஜூலையில் பாக் மறைந்தார். அடுத்த காண்டரைப் பற்றிப் பேசக் கூடிய நகர மன்றத்தில், பள்ளிக்குத் தேவை ஒரு காண்டர்தான், அரண்மனை இசைத் தலைவர் அல்ல என்று உறுப்பினர் ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. எர்னெஸ்டி 1759வரை ரெக்டராக இருந்து, இறையியல் பேராசிரியராகப் போனார்; சாக்சனி நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் 1773இல் வெளிவந்த புதிய ஒழுங்குமுறை அவர் கை வண்ணம். பழைய கட்டடம் 1902இல் இடிக்கப்பட்டது. பள்ளியும் விடுதியும் அதற்கு முன்பே நகரின் வேறொரு தெருவுக்குப் போயிருந்தன. பாடகர் குழுவில் இன்று ஏறத்தாழ நூறு சிறுவர்கள் இருக்கிறார்கள். பொதுப் பள்ளியாகிவிட்ட தோமா பள்ளியில் படித்து, விடுதியில் பெரியவரும் சிறியவருமாகக் கலந்து வாழ்ந்து, வெள்ளி சனிக் கிழமைகளில் புனித தோமா ஆலயத்தில் பாடுகிறார்கள். உணவுக்கும் படுக்கைக்கும் சவ ஊர்வலங்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒத்திகைக்கும் பாடத்துக்கும் இடையே மணி நேரத்தைப் பங்கிடும் வேலை மட்டும் ஒவ்வொரு கால அட்டவணையிலும் புதிதாகத் தொடங்குகிறது.